தெரிந்தே விட்ட பிழைகள்

வலைப்பதிவுக்கு வாசகர்கள் திரும்பத் திரும்ப வர என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் உள்ளவர்கள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டேன். தலைப்பு நறுக்கென்று இருக்க வேண்டுமாம். முதல் வரியிலேயே ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டுமாம். பத்தி சிறியதாக, படம் பெரியதாக, வாரா வாரம் ஒரே நாளில் போட வேண்டுமாம். அவர்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் வாசகர்கள் வேண்டும். எனக்கு ஒரே ஒருத்தி வந்தால் போதும். ஒரே ஒருத்தியை வரவழைப்பது எப்படி என்று எந்த மகானுபாவனும் எழுதவில்லை.

அந்த ஒருத்தி என் மகள். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். போன் நம்பரை மாற்றிவிட்டாள். மெயிலுக்குப் பதில் இல்லை. அவள் எந்த ஊரில் இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், குளிருக்குச் சரியான கோட்டு வைத்திருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது இந்த வலைப்பதிவு மட்டும்தான். ஏனென்றால் இதை எனக்குத் தொடங்கிக் கொடுத்ததே அவள்தான். இதன் முகவரி அவளுக்குத் தெரியும். நான் வேறு எங்கே போய்க் கத்தினாலும் அவள் காதில் விழாது. இங்கே எழுதினால் ஒருவேளை கண்ணில் படலாம்.

நான் ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் பிழை திருத்துகிறவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், அடுக்குமாடி வீட்டில் தரைத்தளத்தில் இருக்கிறேன். மகள் கல்லூரியில் படிக்கும்போதே என் மனைவி இறந்துபோய்விட்டாள். அதற்கப்புறம் நாங்கள் இருவர்தான். மற்ற வீடுகளில் அப்பாவும் மகளும் எப்படிக் கொஞ்சிக்கொள்வார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் தப்பு கண்டுபிடிப்போம். காலையில் பேப்பர் வந்ததும் ஆளுக்கொரு பென்சில். முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவளுக்கு. பிறகு மாற்றிக்கொள்வோம். நான் விட்டதை அவள் பிடித்தால் அன்றைக்குக் காபி நான் போட வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தால், இலையைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் ஒட்டியிருக்கும் மெனுவைப் படிப்பாள். யாராவது கதை சொன்னால் நடுவில் நிறுத்தி, "இல்லைங்க, அது போன வருஷம்," என்பாள். பாதிப் பேருக்கு இவளைக் கண்டாலே ஆகாது. எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான் ஓய்வு பெற்றதும், "சும்மா இருந்தா அபார்ட்மெண்ட்ல எல்லாரையும் திருத்த ஆரம்பிச்சுடுவீங்க. எழுதுங்கப்பா," என்று சொல்லி, வேலை பார்த்த சென்னையிலிருந்து லீவில் வந்தபோது இந்தப் பக்கத்தை அமைத்துக் கொடுத்தாள். வெளிர்பச்சைப் பின்னணி அவள் தேர்ந்தெடுத்தது. நான் இரண்டு பதிவு எழுதிவிட்டு மறந்துபோனேன்.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் பேசினேன். நல்ல இடம். அவளிடம் கேட்டபோது, "உங்க இஷ்டம்," என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எந்த அப்பனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். மண்டபம் பேசி, சமையலுக்கு ஆள் சொல்லி, அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. பிரஸ்ஸிலிருந்து புரூஃப் வந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற எந்த அச்சுத் தாளும் இரண்டு ஜோடிக் கண்களைத் தாண்டாமல் வெளியே போகாது. நான் பார்த்து முடித்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்தாள்.

திருப்பிக் கொடுத்தபோது பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா படித்த பட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைப் பிடித்திருந்தாள். மண்டபத்தின் விலாசத்தில் ஒரு திருத்தம். அதற்கு நடுவில், அவளுடைய பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ஒரு சுழி போட்டிருந்தாள். நீக்கிவிடு என்பதற்கு நாங்கள் போடுகிற அடையாளம் அது.

சத்தியமாக நான் இனிஷியலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"பேர்ல என்னம்மா தப்பு? சரியாத்தானே இருக்கு?"

"பேர் சரிதாம்பா. அது அங்க இருக்கறதுதான் தப்பு."

அதற்குப் பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் கத்தினேன். மாப்பிள்ளை வீட்டு முகத்தில் எப்படி முழிப்பேன் என்றேன். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். அதை இப்போதும் சொல்வேன். அவளும் விடவில்லை. "நான் சொன்னப்பல்லாம் நீங்க வாக்கியத்தத் திருத்திக்கிட்டிருந்தீங்க," என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ கிளம்பிச் சந்தில் ஊர்ந்தது. திரும்புவாள், திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே ஓடினேன், ஸ்கூட்டர் சாவியை எடுக்க. ஆணியில் இல்லை. டிவி மேல் இல்லை. பிரிட்ஜ் மேல், பூஜை அலமாரியில், எங்கும் இல்லை. வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கொண்டு தேடினேன். கடைசியில், கழற்றிப்போட்ட சட்டைப் பையில் கிடந்தது. வெளியே வந்தால் சந்து காலி. முனையில் இஸ்திரி வண்டி மட்டும் நின்றது. வண்டியை முறுக்கிக்கொண்டு மாம்பழச் சாலை சிக்னல் வரைக்கும் போனேன். அவள் ஜங்ஷனுக்குப் போனாளா, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கா, ஏர்போர்ட்டுக்கா? எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அதோடு சரி. சென்னை வேலையை விட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஒரு நாள் தென்னூரில் மருந்துக் கடையில் அவளுடைய கல்லூரித் தோழியைப் பார்த்தேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே, "ஜெர்மனில இருக்கா அங்கிள். நல்லா இருக்கா. நம்பர் மட்டும் கேக்காதீங்க," என்றாள். நான் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, வாங்க வந்த மாத்திரையை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வலைப்பதிவில் எந்தெந்த நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்று காட்டுகிற ஒரு பக்கம் உண்டு. இந்தியா, அமெரிக்கா, சிங்கப்பூர், அதற்குக் கீழே: ஜெர்மனி, ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருந்த உறவெல்லாம் அந்த ஓர் இலக்கத்தில் வந்து நின்றது.

உடனே எழுதினேன். "மகளே, திரும்பி வா" என்கிற ரகத்தில் நாலு பதிவு. எழுதும்போதே கண்ணீர் வந்தது. இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, அத்தனை ஆச்சரியக்குறி. யாரோ ஒரு புண்ணியவதி, "மனதைத் தொட்டது ஐயா," என்று எழுதிவிட்டுப் போனார். ஜெர்மனி காணாமல் போய்விட்டது. வாரக்கணக்கில் அந்த வரியே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அறிவுரைகளை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். அதன்படி, "ஸ்ரீரங்கம் வந்தால் தவறவிடக் கூடாத டிபன் கடைகள்" என்று ஒன்று எழுதினேன். கூட்டம் அள்ளியது. கார் நிறுத்த இடம் இருக்குமா என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். ஒருவரும் மறுபடி வரவில்லை. ஜெர்மனியும் வரவில்லை. அந்தப் பதிவில் நான் இல்லை என்று எனக்கே தெரிந்தது. எவன் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியதைப் படிக்க அவள் ஏன் வருவாள்?

பிறகு ஒரு நாள் எரிச்சலில் ஒன்று எழுதினேன். காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடியிருந்த சமயம் பஸ்ஸில் பட்ட பாட்டை. சுற்றிக்கொண்டு போன பஸ், முன்சீட்டில் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி போனில் சம்பந்தம் பேசியது, நான் இடையில் புகுந்து அவர் சொன்ன நட்சத்திரத்தைத் திருத்தியது, அவர் என்னை முறைத்தது. யாரையும் உருக வைக்கவோ பிடித்து வைக்கவோ நினைத்து எழுதியதல்ல. மறுநாள் பார்த்தால் ஜெர்மனி: ஒன்று.

புரிந்துகொண்டேன். கெஞ்சினால் ஓடிவிடுகிறாள். புத்தி சொன்னால் ஓடிவிடுகிறாள். நான் நானாக, யாரையாவது வைதுகொண்டு இருந்தால் வந்து எட்டிப்பார்க்கிறாள். சரி, வைகிறேன் என்று ஆரம்பித்தேன். லிஃப்ட் வாசலில் செருப்பு வைப்பவர்கள், வாசலை மறித்துக் காரை நிறுத்துகிறவர்கள், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சுற்றறிக்கைகள். ஞாயிறுதோறும் மதியம் போட்டேன். இங்கே மதியம் என்றால் அங்கே காலை. காபி குடிக்கும்போது படிப்பாள் என்று கணக்கு. கடைசி வரியில் நீதி சொல்வதை விட்டேன். ஒவ்வொரு பதிவையும் அவள் பென்சிலோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். மெல்ல மெல்ல மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். நன்றாக எழுதுகிறேன் என்றார்கள். அவர்கள் பாராட்டை வைத்து நான் என்ன செய்ய?

மேல்மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரிடம் ஒருமுறை இந்த ஒன்றைக் காட்டினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "சார், அது மனுஷனாத்தான் இருக்கணும்னு இல்ல. மிஷினே வந்து எல்லாப் பக்கத்தையும் பாத்துட்டுப் போகும்."

அன்றைக்கு மாடிப்படி இறங்கி வரும்போது அதேதான் மனதில் ஓடியது. நான் இத்தனை நாளாக ஒரு மிஷினுக்கா எழுதினேன்? அது அவள்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருகிறவள் ஒரு வார்த்தை பேசினால்தானே தெரியும்.

வழியைக் காட்டியது ஒரு தப்பு. அதுவும் கவனக்குறைவில் விட்ட தப்பு. தைத் தேரைப் பற்றி எழுதும்போது, தேர் சித்திரை வீதிகளில் வந்தது என்று எழுதிவிட்டேன். தைத் தேர் போவது உத்திர வீதிகளில். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? பூகம்பம் வந்தது போல ஆகிவிட்டது. அதுவரை வாயே திறக்காதவர்கள் எல்லாம் கிளம்பி வந்தார்கள். "அடியேன் ஸ்ரீரங்கத்திலே பிறந்து வளர்ந்தவன். பெருமாள் எந்த வீதியிலே எழுந்தருளுகிறார் என்பதுகூடத் தெரியாமல் எழுதுவது அபசாரம், ஸ்வாமி," என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர் பொரிந்து தள்ளினார். அவரைத் திருத்த இன்னொருவர் வந்தார். வந்தவர்கள் அடுத்த வாரமும் வந்தார்கள், வேறு தப்பு இருக்கிறதா என்று பார்க்க.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தேன். ஊரே ஒரு தப்பைப் பார்த்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியாமல் ஓடி வருகிறது என்றால், பென்சிலோடு வளர்ந்த என் மகளால் முடியுமா?

வாழ்நாளெல்லாம் பிழையைத் தேடித் தேடி நசுக்கியவன், வேண்டுமென்றே பிழை விட ஆரம்பித்தேன். தேர், திருவிழா என்றால் மற்றவர்கள் திருத்திவிடுவார்கள். ஆகவே எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். சந்தில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது, நடுவில், என் மகளின் முதல் சைக்கிள் சிவப்பு என்று எழுதினேன். சிவப்பு இல்லை. காத்திருந்தேன். ஜெர்மனி: ஒன்று. பேச்சு இல்லை. காய்கறிச் சந்தையைப் பற்றி எழுதி, என் மகள் பாகற்காயைத் தொடவே மாட்டாள் என்றேன். தொடாதவன் நான், அவள் தட்டு நிறையச் சாப்பிடுவாள். பேச்சு இல்லை. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது என்று எழுதினேன். முதல் பரிசை இரண்டாம் பரிசாக்கினால் அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியாது என்று நம்பினேன். பொறுத்துக்கொண்டாள். அல்லது மிஷின் பொறுத்துக்கொண்டது.

ஒவ்வொரு பதிவும் போட்டுவிட்டு நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும். குளிக்கப் போனால் போனைச் சோப்பு டப்பா பக்கத்தில் வைத்துக்கொண்டு குளிப்பேன். பைத்தியம் பிடிப்பது என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று நினைத்ததுண்டு.

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். கை கூசத்தான் செய்தது. ஆனாலும் செய்தேன். ஆடி மாதம் காவிரியில் தண்ணீர் வந்ததைப் பற்றிய பதிவில், என் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனாள் என்று எழுதினேன். அவள் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம். மகள் என் தோளில் சாய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள், வெளியே யாரோ விளக்கேற்றும் நேரம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அதை மறக்க முடியுமா? இதற்குக்கூட அவள் வராவிட்டால் அங்கே இருப்பது அவள் இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். அப்படி ஒரு முடிவுக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். தயார் என்று சொல்வது பொய். வேறு வழி தெரியவில்லை.

மகள் வரவில்லை. லால்குடியிலிருந்து என் மச்சினி வந்தாள்.

என் மனைவியின் தங்கை அவள். நாலு மா நிலத்தில் நடவு நடந்துகொண்டிருக்கும்போது, போட்டது போட்டபடி பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் போன். அதில் என் பதிவு.

"என்ன மாமா இது? அக்கா போனது செவ்வாக்கிழமையா?"

போனை வாங்கிப் பார்த்தேன்.

"சைக்கிள் சிவப்புன்னு எழுதினப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பாகக்கா விஷயமும் தப்பு. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. எல்லாமே மறந்துபோச்சா உங்களுக்கு?" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள்.

பார்த்தீர்களா, விட்ட பிழை எல்லாவற்றையும் ஒரு ஆள் பிடித்துத்தான் இருக்கிறது, வேறு ஆள். தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதைவிடப் பெரிய வியாதி என்று நினைப்பாள். மறுநாளே என்னைப் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஞாபகசக்திக்கு டாக்டராம். நானும் போனேன். டாக்டர் நல்ல மாதிரி. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். ஆப்பிள், மேசை, காசு என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். அவருடைய சுவரில் இருந்த அறிவிப்பில் ஒரு பிழை இருப்பதையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "வயசுக்கு ரொம்ப நல்லாவே இருக்கீங்க சார்," என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மச்சினிக்கு மனசு ஆறவில்லை. தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்தாள்.

"சரி மாமா, இப்ப சொல்லுங்க. அவளோட மொத சைக்கிள் என்ன கலரு?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

சிவப்பு இல்லை. அது நிச்சயம். நான்தான் சிவப்பு என்று பொய் எழுதினேன். அப்படியானால் என்ன? பச்சையா? நீலமா? கண்ணை மூடினால் அவள் சிவப்பு சைக்கிளில் எங்கள் சந்தில் சுற்றி வருகிறாள். கைப்பிடியில் குஞ்சம் தொங்குகிறது, முன்னால் கூடை இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, சைக்கிள் மட்டும் சிவப்பு. திரும்பத் திரும்ப அந்தப் பதிவைத் திறந்து திறந்து பார்த்ததில், நான் போட்ட பொய் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடியில் இருந்த நிஜம் அழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பங்களைக் கிளறினேன். சைக்கிள் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. மச்சினிக்கு அது சிவப்பு இல்லை என்று மட்டும்தான் தெரிந்தது. மனைவிக்குத் தெரியும், அவள் இல்லை. இனி அந்த நிறம் தெரிந்த ஒரே ஜீவன் ஜெர்மனியில் இருக்கிறது. என் மகளைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, என்னிடம் மிச்சம் இருந்த மகளையும் நானே அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தபோது, ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மச்சினி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். அவளிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இதுக்கு வேற வழியே தோணலையா மாமா?" என்று மட்டும் கேட்டாள். தோன்றியிருந்தால் செய்திருக்க மாட்டேனா?

அவள் ஊருக்குப் போனபின் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தக் கடைசி நாளை எழுதிவிடுவது. மிச்சம் இருக்கிறதும் அழிவதற்குள், ஒரு பிழை இல்லாமல் எழுதிவிடுவது. யாரையும் வரவழைக்க இல்லை. அவள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. மிஷினாவது படித்து வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு வாரம் எழுதினேன். புரூஃபில் அவள் போட்ட புள்ளியிலிருந்து, ஓரத்துச் சுழி, நான் கத்திய வார்த்தைகள், பெட்டியின் உடைந்த சக்கரம், சந்து முனையில் இஸ்திரி வண்டி வரைக்கும். நினைவுக்கு நிச்சயமாக வராததை எழுதவில்லை. "ஆட்டோ முனையில் திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை" என்று முடித்தேன். சாவி தேடிய கதையையும், மாம்பழச் சாலையில் நின்றதையும் முதலில் எழுதியிருந்தேன். மறுபடி படித்தபோது அது இரக்கத்துக்குக் கையேந்துவது போல இருந்தது. கெஞ்சினால் ஓடிவிடுவாள் என்று நான் கற்ற பாடம் நினைவுக்கு வந்தது. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். பதிவு இறுகி, நன்றாக அமைந்துவிட்டது. ஞாயிறு மதியம் போட்டுவிட்டு, அன்று முதல் முறையாகப் போய்ப் பார்க்காமல் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை. பால் அடுப்பில் இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு பின்னூட்டம். எழுதியவர் பெயர் இருக்கிற இடத்தில் "பெயரில்லா" என்று இருந்தது. வணக்கமும் இல்லை, அப்பாவும் இல்லை. புரூஃப் திருத்துகிற மாதிரி வரிவரியாக:

"சைக்கிள் ஊதா.

பாகற்காய் பிடிக்காதது உங்களுக்கு.

பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. கப் டிவி பக்கத்தில் இருக்கும், பாருங்கள்.

அம்மா வெள்ளிக்கிழமை.

இந்தப் பதிவில் ஒரு பிழை. முனையில் திரும்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நீங்கள் இல்லை."

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த வாசனை வந்தது. எழுந்து போய் கேஸை மூடினேன். திரும்ப வந்து படித்தேன். ஊதா. ஆமாம், ஊதாதான். சைக்கிள் தன் நிறத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். ஒன்று விடாமல் குறித்து வைத்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறாள். எல்லாம் பொறுத்தவளால் கடைசிப் பிழையை மட்டும் பொறுக்க முடியவில்லை. அவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே பிரிட்ஜ் மேல் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். வாசல் காலியாக இருந்திருக்கிறது. அப்பன் உள்ளே போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டே அவள் அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். நானோ அவள் திரும்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். அடித்து அடித்து எழுதி, கடைசியில் இவ்வளவுதான் போட்டேன்:

"ஸ்கூட்டர் சாவி தேட உள்ளே போனேன். உன் பின்னாலேயே வர. கிடைத்து வெளியே வந்தபோது ஆட்டோ இல்லை. மாம்பழச் சாலை வரை வந்தேன்."

அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். காபி போடவில்லை. பேப்பர் வாசலில் கிடந்தது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரைக்கு வந்துவிட்டது. அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். வேலைக்குக் கிளம்பும் நேரமாக இருக்கும். இதை நம்பியிருக்க மாட்டாள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் வந்தது.

"அது ஏன் பதிவில் இல்லை? சேருங்கப்பா."

அடித்துப்போட்ட பத்தியைத் தேடி எடுத்து, இருக்க வேண்டிய இடத்தில் சேர்த்தேன்.